உன் மீன்களைக் கொன்றது என் சுத்தம்

பாப்பா,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணினாய். திருப்பதியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சி இரண்டு மாதம் ஆகிறது, ஹாலில் ஒரு சுவர் காலியாகக் கிடக்கிறது, அங்கே கடல்மீன் தொட்டி ஒன்று வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றாய். சொல்லும்போது குரலில் ஆசை இருந்தது. அடுத்த மூச்சிலேயே, "வேணாம் நைனா. என் கையில உயிர் நிக்காது. அதுதான் தெரிஞ்ச விஷயமாச்சே" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்ததையும் ஆறிப்போனதை எடுத்துப் போனதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். நகரியில் இருக்கும் உன் பெரிய மாமா படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும். "போன்ல ரெண்டு வார்த்த சொன்னா தீந்துது, ஊரக் கூட்டி சொல்லிக்கினு இன்னாத்துக்கு?" என்று உன் அம்மா கேட்டாள். ஒரு காலத்தில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் உன்னைத் தலைகுனிய வைத்தேன். அதைக் காதோடு காதாகத் திருத்துவது கோழைத்தனம். யாருக்குக் குத்தினாலும் குத்தட்டும், எனக்குக் கவலை இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தூர் வீட்டில் உன் ஐந்து மீன்கள் செத்தது உன்னால் அல்ல, என்னால். அது எனக்கு அப்போதே தெரியும். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். உன் புதுத் தொட்டிக்கு எந்த பில்டர் வாங்குவது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நீ வேண்டாம் என்று சொன்னாலும் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. உனக்குத் தெரியாமல் ஒரு மீன் கடையில் விசாரித்து, கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலை எனக்கு அனுப்பி, "மாமா, நீங்க பில்டர்ல வேல பாத்தவரு, ஒரு தடவ பாத்து சொல்லுங்க" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நல்ல பிள்ளை. வியாழக்கிழமை காலை பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். உன் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேன். வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும், அதற்குத் தைரியம் வரவில்லை.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பேச்சு. கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "சார், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதான் பெஸ்ட். கேனிஸ்டர் பில்டர் ஒண்ணு, கிருமிக்கு யூவி லைட் ஒண்ணு, கீழ சம்ப் தொட்டி ஒண்ணு, மருந்துக் கல்லு போட ரியாக்டர் குழாய் ரெண்டு. வெச்சுட்டு மறந்துடலாம். மெயின்டெனன்ஸே லேது" என்றார்.

"மறந்துடறதுக்கு இன்னாத்துக்குய்யா மீன் வளக்கணும்? ஒரு மீன் போட்டோ வாங்கி செவுத்துல மாட்டிக்கினா போதாதா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீரு ஃபீல்டா சார்? இதே தொழிலா?" என்றார்.

"முப்பத்துநாலு வருஷம் பில்டர் ஹவுஸ் ஆபரேட்டர். சித்தூர்ல பாதி ஊரு குடிச்ச தண்ணி என் கையாலதான் போச்சு."

அதற்குப் பிறகுதான் ஸ்டூல் வந்தது, டீ வந்தது. நான் அந்தக் கேனிஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் மூடிய டப்பா. தண்ணீர் ஒரு குழாயில் உள்ளே போய், பஞ்சு, கல் எல்லாவற்றையும் தாண்டி இன்னொரு குழாயில் வெளியே வரும். பார்க்க அழகுதான். "கரண்ட் போச்சுன்னா இதுக்குள்ள இன்னா ஆவும்?" என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரம் பர்வாலேது சார்" என்றார். "அஞ்சு மணி நேரம்?" என்றேன். அவர் டீயைக் குடித்தார். "சரி, இந்த சம்ப். கரண்ட் போனா மேல தொட்டியிலிருந்து எத்தினி லிட்டர் கீழ எறங்கும்? கீழ அதுக்கு எடம் கீதா?" என்றேன். "அளந்து சொல்றேன் சார்" என்றார். அளக்காமலே பட்டியலில் எழுதியிருக்கிறார். ஆனால் மனிதர் நேர்மையானவர் என்றுதான் சொல்வேன். அரைமணி நேரம் வாதம் செய்த பிறகு அவரே பேனாவை எடுத்துப் பட்டியலில் நாலு பொருளை அடித்தார். வாதம் செய்யாத வாடிக்கையாளர் கிடைத்தால் யார்தான் அடிப்பார்கள்?

இப்படிக் கடைக்காரரை மடக்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு பஸ் ஏறியவன்தான் ஒரு காலத்தில் உன் பில்டரைக் கழுவி உன் மீன்களைச் சாகடித்தவன். நான் மீன் வளர்த்தவன் அல்ல. ஆனால் பில்டர் என்றால் என்ன என்று எனக்கு இரண்டு முறை தெரியவந்திருக்கிறது. முதல் முறை சம்பளம் வாங்கிக் கற்றேன், இரண்டாம் முறை உன் ஐந்து மீன்களைக் கொன்று கற்றேன்.

நீ அப்போது இன்டர் இரண்டாம் வருஷம், உயிரியல் எடுத்த பை.பி.சி. கடல்மீன் வேண்டும் என்று ஒரு வருஷம் என் உயிரை எடுத்தாய். கடைசியில் சென்னைக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் வரும்வரை நீ அசையவில்லை. வழியில் பஸ் நின்றபோது, "எறங்கி ரெண்டு இட்லி துன்னுட்டு வாம்மா" என்றேன். "பை ஆடும் நைனா, நீ போய் துன்னு" என்றாய். இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள், மூன்று நீலக் குட்டிகள். அதற்கு முன்னால் ஆறு வாரம், வெறும் கல்லையும் உப்புத் தண்ணீரையும் மட்டும் தொட்டியில் ஓடவிட்டு, தினமும் சோதனைக் குழாயில் நிறம் பார்த்து நோட்டில் எழுதிவந்தாய். "கல்லுக்கு லைட்டு போட்டு குந்திக்கினு பாக்குது பாரு உன் பொண்ணு" என்று உன் பெரிய மாமா கேலி பண்ணினார். நானும் சிரித்தேன். பதினேழு வயதில் நீ செய்தது முழுக்கச் சரி. அந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் அது புரியவில்லை.

பிறகு கோச்சிங் தேர்வுக்காக நாலு நாள் திருப்பதி ஹாஸ்டலுக்குப் போனாய். போகும்போது தொட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினாய்: "நைனா, தீனி ஒரு சிட்டிகை போதும். பில்டரைத் தொடாதே. ப்ளீஸ்." மறுநாள் சனிக்கிழமை. எங்கள் குடிநீர் நிலையத்தில் பில்டர் பெட், அதாவது மணல் படுகை, கழுவும் நாள். அடியிலிருந்து காற்றையும் தண்ணீரையும் மேலே அடித்து மணலில் தங்கிய அழுக்கை வெளியேற்றுவோம், வழுவழுப்பு தட்டினால் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைப்போம். எங்கள் தொழிலில் வழுவழுப்பு என்றால் அவமானம். மேலதிகாரி விரலால் தடவிப் பார்ப்பார். அன்றைக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தவன் கை சும்மா இருக்காமல் உன் தொட்டியின் பின்னால் மாட்டியிருந்த பில்டர் பெட்டியைத் திறந்தேன். பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பு. பில்டர்காரன் வீட்டு பில்டரா இது என்று எனக்கு மானம் போய்விட்டது.

ஒரு பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தேன். ஏழு முறை குழாயில் அலசினேன். குளோரின் வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது என்று மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். தொழில்காரன் இல்லையா, அரைகுறையாகச் செய்வேனா? கல்லையும் விடவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "கொய்ந்த தொடாதன்னு எய்தி வெச்சிக்கீது, நீ இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற?" என்றாள். "பில்டரப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தியபோது வெள்ளைவெளேர் என்று இருந்தது. பெருமையாக நின்று பார்த்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிறு சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போல் இருந்தது. திங்கள் காலை ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். எங்கள் லேபில் கெமிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார், பலமனேர்க்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் கருத்த ஆரஞ்சு நிறமாக மாறியது. அம்மோனியா. "ஏம் சேசாரண்ணா?" என்று கேட்டார். கழுவினேன் என்றேன். எப்படிக் கழுவினேன் என்றும் சொன்னேன். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, மீரே சம்பேசாரண்ணா" என்றார். நீங்களேதான் கொன்றுவிட்டீர்கள் என்று அர்த்தம், அதை உனக்குச் சொல்லித் தர வேண்டாம். பிறகு பொறுமையாக விளக்கினார். "நம்ம பில்டர்ல எதுவும் உயிரோட இருக்கக் கூடாது அண்ணா. அந்தப் பில்டர்ல உயிரோட இருக்கறதுதான் பில்டரே. அந்த வழுவழுப்புல இருக்கற கிருமிதான் மீனோட கழிவு விஷமாகாம பாத்துக்குது. அதப் போயி பிளீச்சிங்ல போட்டுட்டீங்களே" என்றார்.

பாதி டியூட்டியில் வீட்டுக்கு ஓடினேன். ஐந்தும் போய்விட்டன. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தொட்டியில் நீ ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நீ வந்தாய். தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை, தொட்டி முன்னால் உட்கார்ந்தாய். கல் வெளுத்திருந்ததுகூட உன் கண்ணில் படவில்லை. "போறப்போ கொஞ்சம் ஜாஸ்தியா தீனி போட்டுட்டேன் நைனா. நாலு நாளு பசிக்குமேன்னு" என்று சொல்லி அழுதாய். நான், "அப்படியாம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உண்மை தெரிந்து இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகவில்லை. உன் அம்மாவும் வாயைத் திறக்கக் கூடாது என்று அதட்டி வைத்தேன். நான் கழுவியது அவளுக்குத் தெரியும், அதனால்தான் செத்தது என்பது அவளுக்கும் இந்த வாரம்தான் தெரியும்.

இதோடு நின்றிருந்தால் மீன் செத்த கதை என்று விட்டுவிடலாம். ரிசல்ட் வந்தது. உன் ரேங்குக்குக் கடற்கரைப் பக்கத்து மீன்வளக் கல்லூரியில் சீட் கிடைக்கும் என்று நீ துள்ளிக்கொண்டு வந்தாய். நம் வீட்டு ஹாலில் உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். உன் பெரிய மாமா, "மீன் படிப்பா? படிச்சிட்டு தலைல கூடைய தூக்கிக்கினு தெருத்தெருவா போவப் போவுதா?" என்றார். கூடை தூக்குகிறவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு என்ன குறைச்சல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நீ என்னைப் பார்த்தாய். நைனா எனக்காகப் பேசுவார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கோ உள்ளுக்குள் பயம். முன்பின் தெரியாத ஊர், ஹாஸ்டல், நாலு பேர் கேலி. பயம் என்று ஒப்புக்கொள்ள ஆம்பளை வீம்பு விடவில்லை. "அஞ்சு மீன ஒழுங்கா காப்பாத்தத் தெரியல, இவ மீன் படிப்பு படிச்சி இன்னா கிழிக்கப் போறா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ அழவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாய். பிறகு நான் சொன்ன கம்ப்யூட்டர் படிப்பைப் படித்தாய். இன்றைக்கு ரேணிகுண்டா பக்கத்துக் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாய், மற்றவர்கள் சரி என்று தள்ளிவிட்டதில்கூடத் தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறாய் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. நீ எங்கே போனாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்வாய். ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு செடிகூட வளர்க்கவில்லை. கல்யாணத்துக்குத் தோழிகள் கொடுத்த லவ் பேர்ட்ஸ் ஜோடியைக் கூண்டோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாய். இன்னொரு விஷயத்திலும் "என் கையில உயிர் நிக்காது" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அதைப் பற்றி ஊர் படிக்கும் கடிதத்தில் எழுத மாட்டேன். அது உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உள்ளது, தாத்தா ஆக எனக்கு எந்த அவசரமும் இல்லை. ஆனால் அந்த முடிவை நான் சொன்ன பொய்யின் மேல் உட்கார்ந்து எடுக்காதே. அதை மட்டும் நான் அனுமதிக்க மாட்டேன்.

இப்போது பில்டருக்கு வருகிறேன். கடைக்காரரிடம் வாதாடியதும், ஓய்வு பெற்றுத் திருப்பதியில் இருக்கும் அந்தக் கெமிஸ்ட் அம்மாவிடம் இரண்டு நாளாகப் போனில் கேட்டதும், நான் முப்பத்துநாலு வருஷம் பம்ப்போடு மல்லுக்கட்டியதும் சேர்த்துச் சொல்கிறேன். தொட்டி சின்னதாக வாங்காதே. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சின்னத் தொட்டி போதும் என்பார்கள், அது தலைகீழ் யோசனை. தண்ணீர் அதிகம் இருந்தால் நீ செய்யும் தப்பு அதில் கரைந்துபோகும், குறைவாக இருந்தால் ஒரு தப்பே போதும். நாலடித் தொட்டி வை. உன்னுடைய உண்மையான பில்டர் அதில் போடும் கல்தான். கடலிலிருந்து வரும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் கல்லைத்தான் கடையில் லைவ் ராக் என்கிறார்கள். கிருமிகள் குடியிருப்பது அதன் ஓட்டைகளில். அதற்குக் காசு செலவழி, கேனிஸ்டருக்குச் செலவழிக்காதே. மூடிய டப்பாவுக்குள் அழுக்கு தங்கி அழுகும், கரண்ட் போய் நெடுநேரம் நின்றால் உள்ளே காற்றில்லாமல் கிருமிகள் சாகும், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத்தை எல்லாம் அப்படியே தொட்டியில் கொட்டும். அதை அடிக்கடி கழற்றிக் கழுவுகிறவர்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்களாம். உன் வேலை நேரத்துக்கு அது ஆகாது.

அடுத்தது ஸ்கிம்மர். இதை வாங்கியே ஆக வேண்டும். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும், கரண்டியால் எடுத்து வீசுவோம் இல்லையா, அதே வேலையை உப்புத் தண்ணீரில் இது செய்கிறது. பொடிப் பொடியான குமிழிகளில் மீனின் கழிவு ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கிண்ணத்தில் சேரும். அழுகத் தொடங்கும் முன்னாலேயே அழுக்கு வெளியே வந்துவிடுகிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதே. எங்கள் நிலையத்துக்கு வந்த பம்ப் ஒன்றுகூடப் பெட்டியில் எழுதிய அளவுக்குத் தண்ணீர் தள்ளியதில்லை. உன் தொட்டியைப் போல ஒன்றரை மடங்கு தொட்டிக்கு என்று சொல்லும் ஸ்கிம்மரை வாங்கு. முதல் ஒரு வாரம், பத்து நாள் அது கண்டபடி நுரை கக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாது. ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதே, தானே வழிக்கு வரும்.

பின்னால் மாட்டும் பில்டர் பெட்டி ஒன்று போதும், உன் பழைய தொட்டியில் இருந்தது போல. அதில் பஞ்சும், ஒரு பை கரியும் போடு. பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்று, அதில் தங்குவது வெறும் குப்பை. மற்ற எதையாவது கழுவ வேண்டியிருந்தால், தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த அதே உப்புத் தண்ணீரில் லேசாக அலசு. குழாய்த் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதே, குழாயில் வருவது என்னைப் போன்ற ஒருவன் குளோரின் போட்டு அனுப்பியது. தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான், அதுவும் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இல்லாத ஆர்.ஓ. வற்றும் அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்று, உப்பு வற்றுவதில்லை. கல்லுக்கு நடுவில் தண்ணீர் ஓட ஒரு சின்ன பம்ப் வேண்டும், கரண்ட் போனால் ஓட பேட்டரி காற்று பம்ப் ஒன்று வேண்டும். யூவி, ரியாக்டர், சம்ப் எல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். கடைப் பட்டியலை விடக் குறைவாக இருக்கிறதே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், என்னிடம் அனுப்பு.

பிறகு ஆறு வாரம் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு காத்திரு. இது நீ எனக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம், நான் உனக்குச் சொல்வது வெட்கக்கேடு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், மீன் எங்கே என்பார்கள். கடல் எங்கே ஏழுமலை எங்கே, இங்கே போய்க் கடல்மீனா என்பார்கள். பெரிய மாமா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாப்ளைக்கு வயசாயி புத்தி கலங்கிப் போச்சு" என்று குழுவில் எழுதுவார். எழுதட்டும். அன்றைக்கு அவர் பேச்சுக்கு ஈடாக நானும் பேசினேன், இன்றைக்கு அவர் எழுதுவதற்கு நான்தான் பதில் எழுதுவேன். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு மீன் சாகலாம், இரண்டு சாகலாம். கடைக்காரர் தொட்டியிலும் சாகிறது, கடலிலும் சாகிறது. செத்தால் ஏன் செத்தது என்று சோதனைக் குழாயை எடுத்துப் பார். உன் கையைப் பார்க்காதே.

நான்கு நாளாக உன் அம்மா என்னோடு பேசவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பன்னெண்டு வருஷம் அந்தப் பொண்ண அழ வுட்டுட்டு எப்டிய்யா சோறு துன்ன?" என்று கேட்டாள். நல்லாத்தான் தின்றேன். அதுதான் எனக்கே பொறுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கொடுத்துவிடாதே, அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை இது. "போவட்டும் வுடு நைனா" என்று நீ சொல்லப்போகிறாய், எனக்குத் தெரியும், உன் சுபாவம் அப்படி. சொல்லாதே. பன்னிரண்டு வருஷமாக நீ உன் மேல் கோபமாக இருந்தாய். அந்தக் கோபம் உனக்குச் சேர வேண்டியது அல்ல, எனக்குச் சேர வேண்டியது. எடுத்து என் மேல் போடு. போனில் திட்டு, நேரில் வந்து திட்டு, ஒரு வருஷம் பேசாமல் இரு. எனக்கு ஒன்றும் ஆகாது, தாங்கிக்கொள்வேன்.

உன் நைனா